காற்றுக்கு ஒரே ஒரு மதிப்பெண்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மூடிய அறையில் பத்துப் பேர் கூட்டம் போட்டு உட்கார்ந்தால் கண் சொக்குகிறதே, சாப்பாடு மட்டுமா காரணம்? நாம் விடும் மூச்சும்தான். வெளிக்காற்று வராத அறையில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். பல ஏசிகள் உள்ளே இருக்கிற காற்றையேதான் குளிரவைத்துச் சுற்றிவிடுகின்றன.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 24 பேரை ஆறு நாள் ஓர் ஆய்வுக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்க வைத்தார்கள். அவர்களுக்குச் சொல்லாமலே காற்றின் தன்மையை மாற்றினார்கள். 2015-ல் முடிவு வெளிவந்தது. சாதாரணக் கட்டடத்துக்கு உரிய காற்று இருந்த நாளைவிட, பசுமைக் கட்டடத்துக்கு உரிய காற்று இருந்த நாளில் சிந்தனைத் திறனுக்கான மதிப்பெண் 61 சதவீதம் கூடியிருந்தது. காற்றோட்டத்தை இன்னும் கூட்டிய நாட்களில் இரு மடங்கு!

ஆனால் 'லீட்' பசுமைச் சான்றிதழின் 2009-ஆம் ஆண்டு விதிகளில், புதுக் கட்டடத்தின் எரிசக்திச் சிக்கனத்துக்கு 19 மதிப்பெண் வரை இருந்தது. குறைந்தபட்ச அளவைவிட 30 சதவீதம் கூடுதலாக வெளிக்காற்று கொடுத்தால் ஒன்றே ஒன்று. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. உங்கள் அலுவலக வாசலிலும் சான்றிதழ்ப் பலகை இருந்தால், பராமரிப்பாளரிடம் கேளுங்கள்: வெளிக்காற்று எந்த வழியாக வருகிறது, வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?