இரு குழல்கள், ஒரு மேடை

வேதாரண்யத்திலே கோயில் கொண்டுள்ள அம்மைக்கு ‘யாழைப் பழித்த மொழியாள்’ என்பது திருநாமம். அவளுடைய குரலின் இனிமைக்கு நாணி, கலைமகள் அங்கே வீணையின்றிச் சுவடி ஏந்தி வீற்றிருக்கிறாள் என்பர். எக்கருவிக்கும் குரலே உரைகல் என்னும் நம் இசைக் கொள்கையை இக்கதை சுருங்கச் சொல்லிவிடுகிறது. அந்த உரைகல்லிலே அயல்நாட்டுக் கருவியொன்றை உரைத்துப் பார்த்த ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

பெல்ஜிய நாட்டவரான அடால்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற கருவி சாக்ஸபோன். நாகசுரத்திலே விரல் துளையை நேரே தொடுகிறது. துளையைப் பாதி மூடியும் மெல்ல விலக்கியும் கமகத்தைப் பிறப்பிக்கலாம். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே சாவிகள் நிற்கின்றன. சுரங்கள் படிக்கட்டுகளைப் போலத் தனித்தனியே நிற்கும். அவற்றை இழைத்து வாசித்தல் அரிது.

தென் கன்னடத்தில் 1949-இல் நாகசுரக் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை பாண்டு வாத்தியத்திலே இக்கருவியைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்தார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். பல்லாண்டு உழைத்தார். சாவிகளிலே மாற்றங்கள் செய்தார். உதட்டையும் மூச்சையும் பழக்கினார். பித்தளைக் குழல் பாடத் தொடங்கியது.

1980-ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த ஜாஸ் விழாவிலே அவர் வாசித்தார். சாக்ஸபோனைத் தங்கள் இசையின் உயிராகவே கருதும் ரசிகர்கள் நிறைந்த அவை அது. அவர்களைப் போல வாசித்துக் கைதட்டல் பெற முயலலாம். கோபால்நாத் தம் ராகத்தையே வாசித்தார். அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹாண்டி அங்கே இருந்தார். 1976-இல் ‘ஹார்ட் வொர்க்’ என்ற ஃபங்க் சாயல் கொண்ட இசைத்தட்டால் பெரும்புகழ் பெற்றவர் அவர். கோபால்நாத்தின் வாசிப்பைக் கேட்ட அவர், “நானும் உடன் வாசிக்கலாமா?” என்று அனுமதி வேண்டினார். ஒருவர் ஜாஸ் வழியிலும் மற்றவர் கர்நாடக வழியிலும் அந்தக் கணமே கற்பனை செய்து வாசித்தனர். அவை மகிழ்ந்தது.

இதில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. கோபால்நாத் கருவியைக் கடன் வாங்கினார். இசையைக் கடன் வாங்கவில்லை. ஆகவேதான், அக்கருவியிலே கைதேர்ந்தவருக்கும் புதிதாகக் கொடுப்பதற்கு அவரிடம் பொருள் இருந்தது. 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபம் அவரை அழைத்ததும், 2004-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்ததும் பின்னர் விளைந்தவை. 2019-இல் அவர் மறைந்தார்.

தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, முன்னொரு காலத்தில் மேலைநாட்டு வயலினை நம் இசைக்கு இசைவித்தார். இன்று அதனை அந்நியக் கருவி என்பார் யார்? கருவி எந்த நாட்டிலும் பிறக்கலாம். அது பேசும் மொழியை அதனை வாசிப்பவரே தருகிறார். நாம் முதலில் நம் மொழியைப் பழுதறக் கற்போமாக.