பயறு கடையக் கற்றேன்



ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வானொலியில் பேச வந்தால், ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ பேசுவார் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். நானோ பச்சைப்பயறு கடைவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரிக்க வேண்டா. நான் தோற்றுப்போன ஒரு தேர்வைப் பற்றிய பேச்சும் இதனுள் அடங்கியிருக்கிறது.

எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் புன்செய் நிலத்தைக் ‘காடு’ என்றே சொல்வோம். சோளமும் நிலக்கடலையும் ஆமணக்கும் விளையும் அக்காடுகளில் ஊடுபயிராகப் பச்சைப்பயறும் தட்டைப்பயறும் விதைப்பது முன்னோர் வழக்கம். வெந்த பயற்றை மத்தினால் மசித்துச் செய்வதைக் கடையல் என்றும் கடைசல் என்றும் வழங்குவோம். சோற்றுக்கும், இராகிக் களிக்கும், கம்பஞ்சோற்றுக்கும் அது நல்ல துணை.

நாமக்கல் தனி மாவட்டமானது 1997ஆம் ஆண்டில். அதற்கு அடுத்த ஆண்டில், விசைத்தறிகள் மிகுந்த ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் நான் தலைமை ஆசிரியனாக இருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாள்தோறும் தாமதமாக வந்தான். காரணம் கேட்டால் தலை குனிந்து நிற்பான். பள்ளி வாயிலிலேயே அவனை நிறுத்தி வைத்தேன். ஒரு நாள் அன்று, பதினொரு நாள்கள். வருகைப் பதிவேடு செம்மையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே அன்று என் கருத்து.

பன்னிரண்டாம் நாள் மாலை அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். பெற்றோர் இருவரும் தறிக்குப் போயிருந்தனர். தங்கையர் இருவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவன் அடுப்பின் முன் அமர்ந்து வாணலியில் பயறு வறுத்துக்கொண்டிருந்தான். காலையும் மாலையும் அவன் கைச் சமையலே அக்குழந்தைகளுக்கு உணவு. பள்ளியில் சத்துணவு 1982 முதல் இருந்தது; ஆனால் அது பகலுக்கு மட்டுமே. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலை உணவுத் திட்டம் வந்தது 2022ஆம் ஆண்டில்தான். “எவ்வளவு நேரம் வறுப்பாய்?” என்று ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன். “வாசம் வந்தா எறக்கோணுங்க சார்” என்றான். மறுநாள் முதல் அவனை வாயிலில் நிறுத்தவில்லை. ஆனால் அவனிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. தலைமை ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதாவது என்று இருந்துவிட்டேன்.

ஆண்டுகள் உருண்டன. நான் ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் என் இல்லாள் காலமானாள். அதுவரை நான் அடுப்பு மூட்டியவன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சரிவிகித உணவு என்ற பாடத்தைக் கரும்பலகையில் எழுதியவன், கடையில் வாங்கிய இட்டிலியையே இரு வேளையும் உண்டு உடல் மெலிந்தேன். ஒரு நாள் துணிந்து பயற்றை அடுப்பில் ஏற்றினேன். புளியைக் கரைத்து முதலிலேயே ஊற்றினேன். இரண்டு மணி நேரம் கொதித்தும் பயறு கல்லாகவே இருந்தது.

திருச்செங்கோட்டிலிருந்து என் தமக்கையார் வந்தார். சட்டியைப் பார்த்துவிட்டு, “ஏந் தம்பி, புளியை மொதல்ல ஊத்துனா பயறு எப்படி வேகும்?” என்றார். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அறிவியல் ஆசிரியன் நான். பயற்றின் உயிரணுக்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் என்னும் பொருள் வெந்நீரில் கரைந்தால்தான் பயறு குழையும். புளிப்பு அக்கரைதலைத் தடுக்கும். ஏட்டில் இருந்த அறிவு என் கைக்கு வரவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கைக்கு அது வந்திருந்தது. அன்று அவனை நினைத்துக்கொண்டேன்.

தமக்கையார் கற்பித்த முறையைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நால்வருக்கு 200 கிராம் பச்சைப்பயறு போதும். கல் நீக்கி, எண்ணெயின்றி இளந்தீயில் வாசம் வரும் வரை வறுத்து, பின்பு கழுவுக. மண்சட்டியில் பயற்றைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் நீர் வைத்து, கொதிக்கும்போது பயற்றையும் சிறிது மஞ்சள் தூளையும் இடுக. முக்கால் மணி நேரத்தில் வேகும். நீர் வற்றினால் வெந்நீரே ஊற்றுக. விரலால் நசுக்கிப் பார்த்தால் மாவாக வேண்டும். அதன் பின்னரே உரித்த சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல், பச்சை மிளகாய் மூன்று, சீரகம் ஒரு சிறு கரண்டி, தக்காளி இரண்டு ஆகியவற்றைச் சேர்த்து வேகவிடுக. உப்பிட்டு இறக்கி மத்தினால் கடைக. முழுதும் கூழாக்கிவிடாமல் பாதிப் பயறு முழுதாய் நிற்கும் பதமே நல்ல பதம். கடைசியாக, எண்ணெயில் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுக.

இதனால் வரும் பயன் யாது? 100 கிராம் பச்சைப்பயற்றில் ஏறத்தாழ 24 கிராம் புரதம் உள்ளது. ஆகவே நான் சொன்ன அளவில் ஒருவருக்கு 12 கிராம் கிடைக்கும். நாமக்கல் முட்டை பெயர் பெற்றது. ஒரு முட்டையில் உள்ள புரதம் சுமார் 6 கிராம். எனினும் அளவு மட்டும் போதாது, தன்மையும் வேண்டும். பயற்றில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. அரிசியிலும் கம்பிலும் லைசின் குறைவு, மெத்தியோனின் போதிய அளவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. தக்காளியின் வைட்டமின் சி, பயற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவுகிறது. சோற்றில் கடையலை ஊற்றிப் பிசைந்த நம் பாட்டிமார் இச்சொற்களை அறியார், பயனை அறிந்திருந்தனர்.

உண்பவனுக்கு மட்டுமன்றி நிலத்துக்கும் இது நன்மை செய்யும். பயற்றஞ்செடியின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு அளிக்கின்றன. ஏறக்குறைய 65 முதல் 75 நாள்களில் விளைச்சல் கைக்கு வந்துவிடும். நீர்த் தேவையும் குறைவு. இவ்வருமை கருதியே ஐக்கிய நாடுகள் அவை 2016ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பயறு ஆண்டாக அறிவித்தது. நம் மாநிலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் பயறுகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் பணியாற்றி வருகிறது.

மாணவர்களே, சமையல் பெண்களுக்கு உரியது என்று எண்ணி நான் அறுபது வயது வரை கல்லாதவனாக இருந்தேன். நீங்கள் அவ்வாறு இராதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் பயறு கடையுங்கள். முதற்கரண்டியை உங்கள் அன்னைக்கு இடுங்கள். அவர் உட்கார்ந்து உண்பதை நீங்கள் நின்று பாருங்கள்.

வாயிலில் நின்ற அம்மாணவனுக்கு இப்போது நாற்பது வயது ஆகியிருக்கும். அவன் எங்கேனும் இருந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பானானால், ஒன்று சொல்ல விரும்புகிறேன். தம்பி, தாமதமாக வந்தவன் நீ அல்லை, நான்தான். அந்தப் பதினொரு நாள்களை என்னால் திருப்பித் தர இயலாது. என்னை மன்னித்துவிடு. நான் இப்போது பயறு கடைகிறேன். வாசம் வந்தவுடன் இறக்கிவிடுகிறேன்.