மங்கிய நாடாவில் ஒரு மர்மப் படம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் கம்பனைப் பற்றியோ குறளைப் பற்றியோ பேசுவதுதான் நம் கரோல் பாகில் நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கத்தை மீறி, ஒரு பழைய சினிமாப் படத்தைப் பற்றி, அதுவும் அதை மோசமான வீடியோ நாடாவில் பார்த்தவர்கள் சொன்ன அபிப்பிராயங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரியதரிசி அவர்கள் தலைப்பைக் கேட்டதும் சற்றே முகம் சுளித்தார்கள். பிறகு, "கதையின் முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்ற நிபந்தனையோடு அனுமதி தந்தார்கள். அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே பேசுகிறேன்.

படம், 1954-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட "அந்த நாள்". இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வித்துவான் என்று உலகம் கொண்டாடிய அதே பாலசந்தர்தான். அப்போது அவருக்கு வயது 27. சிவாஜி கணேசன், பண்டரிபாய், ஜாவர் சீதாராமன் ஆகியோர் நடித்த படம். ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாக நடித்ததோடு வசனத்தையும் எழுதினார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதற் படம் இதுதான்.

இந்தப் படத்தை நம் பேட்டையில் பலர் முதன்முதலாகப் பார்த்தது 1986-ஆம் ஆண்டுக் குடியரசு தினத்தன்று. 1982-இல் இந்நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதை ஒட்டி வீடியோவும் வீடுகளுக்குள் புகுந்தது. எல்லோராலும் வாங்க முடியாது. ஆகவே வீட்டுக்குப் பத்து ரூபாய் போட்டு, "டெக்" ஒன்றை ஓரிரவு வாடகைக்கு எடுத்துவந்து, ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்து, ரஜாய்களைப் போர்த்துக்கொண்டு விடிய விடிய மூன்று படங்கள் பார்ப்போம். ஜனவரிக் குளிரில் முப்பது பேர் ஓர் அறையில் அடைந்திருந்ததால் கணப்பே தேவைப்படவில்லை. அன்று மூன்றாவதாக வந்தது "அந்த நாள்". இரண்டு படங்களை நெருக்கிப் பதிந்த நாடா. பிரதியிலிருந்து எடுத்த பிரதிக்குப் பிரதி. திரையின் அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடின. இருள் என்பதே அதில் இல்லை. எல்லாம் சாம்பல் நிறம்.

படம் ஓடி அரைமணியாயிற்று. பாட்டு வரவில்லை. ஒரு மணியாயிற்று, அப்போதும் வரவில்லை. உடனே ஒருவர் எழுந்து, "கடைக்காரன் பாட்டையெல்லாம் வெட்டிவிட்டான், பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும்" என்றார். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்தில் ஒரே நாடாவில் இரண்டு படங்களை அடைப்பதற்காகப் பாட்டுகளை வெட்டுவது உண்மையிலேயே வழக்கமாக இருந்தது. அவர் அநியாயமாக எதையும் சொல்லவில்லை. பாட்டில்லாத தமிழ்ப் படம் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதுதான் அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் மெய்யாகவே கடைக்குச் சென்று சண்டையிட்டார். கடைக்காரர் தமிழ் அறியாதவர், படத்தையும் பார்த்தவரல்லர். பாதிப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்! பாலசந்தர் துணிந்து செய்த புதுமைக்கு எங்கள் தெருவில் கிடைத்த மரியாதை அது.

அடுத்த வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் ஒருவரும் எங்களோடு அமர்ந்திருந்தார். 1947-இல் அகதியாக வந்து இந்தப் பேட்டையில் குடியேறியவர். பாட்டில்லாத மர்மப் படம் என்றால் 1960-இல் வந்த சோப்ராவின் "கானூன்" ஒன்றுதான் என்று அவர் வாதாடினார். ஆறாண்டு முந்தியது எங்கள் படம் என்று நாங்கள் மார்தட்டினோம். அவர், "அப்படியானால் உங்கள் படத்தை ஏன் இவ்வளவு கேவலமாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

மற்றவர்கள் சொன்ன அபிப்பிராயங்களையும் கேளுங்கள். "நாடகம் போல இருக்கிறது, ஒரே பேச்சு" என்றார் ஒருவர். "யார் யாரென்றே அடையாளம் தெரியவில்லை" என்றார் இன்னொருவர். "ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்" என்று ஓர் அம்மாள் அலுத்துக்கொண்டார். இவை மூன்றையும் பின்னாளில் நான் நிதானமாக எண்ணிப் பார்த்தேன். மூன்றும் படத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள் அல்ல, நாடாவைப் பற்றியவை.

அது எவ்வாறு என்பதைச் சற்று விளக்க வேண்டும். இந்தப் படத்தில் ஒரு கொலை நடக்கிறது. கொலையுண்டவனை அறிந்தவர்கள் ஒவ்வொருவராக, தாம் கண்டதைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் கூற்றிலும் அவன் வேறு மனிதனாகத் தெரிகிறான். இந்த வேற்றுமையை வசனத்தில் மட்டுமன்றி, மாருதி ராவ் அவர்களின் ஒளிப்பதிவில், நிழல் விழும் விதத்தில், முகம் பாதி இருளில் நிற்கும் விதத்தில் காட்டியிருக்கிறார்கள். வி.எச்.எஸ். நாடாவோ ஏறக்குறைய 240 கோடுகள் அளவுக்கே நுட்பத்தைக் காட்டவல்லது. அதையும் பிரதிக்குப் பிரதி எடுத்தால் நிழல் போய்விடும். நிழல் போனபின் அங்கே எஞ்சுவது குரல் மட்டுமே. கண்ணுக்கு விருந்தாக எடுத்த படத்தை நாங்கள் வானொலி நாடகமாகக் கேட்டோம். கேட்டுவிட்டு, "ஒரே பேச்சு" என்றோம்.

எங்களுள் வீணை பயின்ற அம்மாள் ஒருவர் இருந்தார். அவர் மட்டும், "சிவாஜியின் குரல் சுருதி ஏறி ஒலிக்கிறதே" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சினிமாப் படம் வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் வினாடிக்கு 25. ஒன்றை மற்றதற்கு அப்படியே மாற்றும்போது படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைந்து ஓடும். குரலும் அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைய மேலேறும். அந்த மங்கிய நாடாவிலும் அந்த அம்மாளின் காது தவறவில்லை. பாலசந்தர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

பின்னால் வந்த வட்டுகளால் நிலைமை முற்றும் சீர்பட்டுவிட்டது என்று சொல்வதற்கில்லை. வி.சி.டி. என்ற வட்டில் படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகளே. இரவுக் காட்சிகள் சதுரம் சதுரமாகச் சிதறும். ஒரு வட்டில் சுமார் 74 நிமிடமே அடங்குமாதலால், பாதியில் எழுந்து வட்டை மாற்ற வேண்டும். மர்மப் படத்தில் அதைவிடக் கொடுமை வேறில்லை. இந்தக் காலத்து அகன்ற தொலைக்காட்சிப் பெட்டியிலோ, சிலர் பழைய படத்தை இழுத்து நிரப்பிப் பார்க்கிறார்கள். பண்டரிபாய் பூசணிக்காய் போலத் தெரிகிறார். 1954-ஆம் ஆண்டுப் படம் ஏறக்குறைய சதுர வடிவமானது. இருபுறமும் கறுப்புப் பட்டை இருந்தால்தான் அது முழுப் படம். தயவு செய்து அந்தப் பட்டைகளை நிரப்ப முயலாதீர்கள்.

இனி, நாடா எவ்வளவு மங்கினும் மங்காத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். கதை நடப்பது 1943-ஆம் ஆண்டு அக்டோபரில், ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய சமயத்தில். அந்தக் குண்டுவீச்சு உண்மையாக நடந்தது. கதாநாயகன் ராஜன் ஒரு ரேடியோ எஞ்சினியர். ஏழைகளும் வாங்கத்தக்க மலிவான ரேடியோ செய்யலாம் என்று திட்டம் வகுத்தவன். சர்க்கார் அதை நிராகரிக்கிறது. அவன் மனம் கசந்து எதிரிக்கு உளவாளியாகிறான். இதற்கு மேல் கதையைச் சொல்லமாட்டேன்.

அன்றிரவு எங்கள் கூடத்தில் அமர்ந்திருந்தவர்கள் யார்? பெரும்பாலும் மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். "தங்கள் திட்டத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்ற கடிதத்தை நூறு முறை தட்டச்சு செய்தவர்கள். அந்தக் காட்சி வந்தபோது ஒருவரும் "ஒரே பேச்சு" என்று சொல்லவில்லை. படம் முடிந்ததும் இளைஞர் ஒருவர் கேட்டார்: "அவன் செய்தது துரோகம் என்றால், அன்று நம்மை ஆண்டவன் வெள்ளைக்காரன் அல்லவா? அதே அக்டோபர் 21-ஆம் தேதி சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர சர்க்காரைப் பிரகடனம் செய்யவில்லையா? ஜப்பானியரோடு சேர்ந்து நின்றவர்களுக்காகச் செங்கோட்டையில் வாதாடிய நாடு, ராஜனை மட்டும் ஏன் வெறுக்க வேண்டும்?"

அறை இரண்டுபட்டது. மலேயாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அந்த மூலையில் இருந்தார். அவருடைய சிற்றப்பா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து திரும்பி வராதவர். அவர் மெல்லச் சொன்னார்: "என் சித்தப்பா தன்னைக் கொடுத்தார். இவன் ஊரைக் கொடுக்கிறான்." பிறகு தேநீர் வந்தது. விவாதம் விடியும்வரை நடந்தது. உண்மையைச் சொன்னால் அது இன்றுவரை எனக்குள் முடியவில்லை; மலிவு ரேடியோத் திட்டத்தை மறுத்த அந்த அதிகாரியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியை எவரும் அன்று எழுப்பவில்லை. நாங்கள் எல்லோருமே அந்த மேசையின் இந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் என்பதனால் இருக்கலாம்.

இங்கே ஒரு சிறு செய்தி. பாலசந்தர், குரோசாவாவின் "ரஷோமோன்" படத்தைத் திரைப்பட விழாவில் பார்த்து, அதன் பாணியில் முதலில் வானொலிக்கே ஒரு நாடகம் எழுதினாரென்றும், அது ஏற்கப்படவில்லையென்றும் திரைப்பட வரலாறு எழுதியோர் குறித்திருக்கிறார்கள். வானொலி மறுத்த கதையில், ரேடியோத் திட்டம் மறுக்கப்பட்ட ஒருவன் கதாநாயகன்! இதை நான் ஊகமாகவே சொல்கிறேன். "ரஷோமோன்" இன்னது உண்மை என்று கூறாமலே முடிகிறது. "அந்த நாள்" உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறது. சில ரசிகர்கள் இதைக் குறையாகக் கருதுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மை தெரிந்தபின்னரே அந்தப் படத்தின் பாரம் நெஞ்சில் ஏறுகிறது.

வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு உறவான ஒரு செய்தியும் உண்டு. சிவாஜிக்கு முன் இந்த வேடத்துக்குக் கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த விசுவநாதன் அவர்களைத்தான் அமர்த்தினார்கள். பிறகு மெய்யப்பச் செட்டியார் அவரை மாற்றிவிட்டார். நம்மைப்போல் வெளியூரில் இருந்த ஒருவர் கையிலிருந்து நழுவிய வேடம் அது.

இப்போது என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் பெரியப்பா இந்தப் படத்தை 1954-இல் சென்னைக் கொட்டகையில் பார்த்தவர். பின்னர் உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து ஒரு பர்சாத்தியில் குடித்தனம் செய்தார். அன்று நாடாவில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர், "விசாரணை தொடங்கும் இடத்திலேயே ஒரு முகத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது, கவனித்துப் பாருங்கள்" என்றார். நாங்கள் உற்றுப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. அதில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. நான் எல்லோர் முன்னிலையிலும், "பெரியப்பா, முப்பது வருஷத்தில் நீங்களாகவே ஒன்றைக் கற்பித்துக்கொண்டீர்கள்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதற்குப்பின் அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதில்லை. 1991-இல் காலமானார்.

1998-இல் சென்னை சென்றிருந்தபோது ஒரு சிறு மன்றத்தில் இந்தப் படத்தை 35 மி.மீ. பிரதியில் திரையிட்டார்கள். பெரிய திரை, நல்ல இருட்டு. அந்த இடம் வந்தது. அந்த முகம் வந்தது. கணநேரம்தான். பெரியப்பா சொன்னது அங்கே இருந்தது. எனக்கு அதற்குப் பிறகு ஒரு கால்மணி நேரம் படம் சரியாகத் தெரியவில்லை; அதற்குப் பிரதி காரணமன்று.

எந்த முகம் என்று நான் சொல்லக்கூடாது. காரியதரிசி அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழின் முதல் பேசும் படமான 1931-ஆம் ஆண்டுக் "காளிதாஸ்" படத்துக்கு ஒரு பிரதிகூட எஞ்சவில்லை. அதைப் பார்த்தவர்கள் சொன்னதை நாம் நம்பத்தான் வேண்டும்; சோதித்துப் பார்க்க வழியில்லை. "அந்த நாள்" விஷயத்தில் எனக்கு அந்த வழி கிடைத்தது, ஏழு வருஷம் பிந்தி.

இன்றிரவு உணவுக்குப்பின் இதே மண்டபத்தில் அந்தப் படம் காட்டப்படும். கிடைத்தவற்றுள் தெளிவான பிரதியைத் தேடிக் கொண்டுவந்திருக்கிறோம். சாலை விளக்கின் ஒளி உள்ளே வராதபடி மேற்குப்புறச் சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்ட இரண்டு தொண்டர்கள் தேவை. பாட்டு வெட்டப்படவில்லை என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். முன்பே பார்த்தவர்கள் கொலையாளி யாரென்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். ஆனால் பெரியவர் யாரேனும் "அதோ, அந்த முகத்தைப் பார்" என்று சொன்னால், பிள்ளைகள் அருள்கூர்ந்து பாருங்கள்.