வண்டுகள் வாழும் தோட்டம்



மலரையும் வண்டையும் சேர்த்துப் பாடாத தமிழ்ப் புலவர் இல்லை எனலாம். தாவரவியல் பாடத்தில் மகரந்தச் சேர்க்கை என்னும் தலைப்பிலும் இவ்விரண்டையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆயினும், பூவின் நிறமும் மணமும் தேனும் பூச்சியை அழைப்பதற்காகவே அமைந்தவை என்று விரிவாக எடுத்துரைத்த நூல் 1793-ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதை எழுதிய ஸ்பிரெங்கல் என்னும் ஜெர்மானியர், ஸ்பாண்டாவ் நகரப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர். செடிகளின் பின்னால் அலைந்து பள்ளியைக் கவனிக்காமல் விட்டார் என்ற குறை எழுந்து, மறு ஆண்டே அவர் பதவியை இழந்தார். பிற்காலத்தில் டார்வின் அந்நூலைப் பெரிதும் மதித்தார். நானும் தலைமையாசிரியனாக இருந்தவனே. ஆனால் ஓய்வு பெற்ற பிறகுதான் வண்டுகளின் பக்கம் திரும்பினேன். ஆதலால் எனக்கு அந்த அபாயம் இல்லை.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊரில் நெல்லுக்கு அடுத்தபடியாகக் கத்தரியும் பரங்கியும் பயிராகின்றன. பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்த பூ நண்பகலுக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். வராவிடின் பெண் பூவின் அடியிலுள்ள பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும்.

கத்தரியின் கதை இன்னும் சுவையானது. அதன் மகரந்தப் பைகள் நீளவாக்கில் வெடிப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும், உடலில் நீலப் பட்டைகள் கொண்ட நீலவரித் தேனீயும் அப்பையை இறுகப் பற்றிக்கொண்டு, சிறகடிக்காமலே பறப்பதற்குரிய தசைகளை அதிரச் செய்கின்றன. ஆய்வுக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டினாற்போல ஒரு ரீங்காரம் எழுகிறது. சல்லடையிலிருந்து மாவு உதிர்வதுபோல் மகரந்தம் கொட்டுகிறது. பெட்டியில் வளர்க்கும் தேனீ இவ்வித்தையை அறியாது. எனவே, தேனீப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் கத்தரிக்குப் போதும் என எண்ணுவது சரியன்று. காற்றின் அசைவாலும் கத்தரி ஓரளவு காய்க்கும். இவ்வண்டுகள் வந்து போனால் காய்ப்பு மிகும்.

கத்தரி பூக்காத மாதங்களில் இவற்றிற்கு உணவு ஏது? ஆவாரம்பூவை உற்றுப் பாருங்கள். அதன் மகரந்தப் பைகளும் நுனித்துளை உடையவை. அங்கும் அதே வண்டு, அதே ரீங்காரம். வரப்போரத்து ஆவாரையை வெட்டி எறிந்துவிட்டுக் கத்தரி காய்க்கவில்லையே என்று வருந்துவது, சமையற்காரரை ஊருக்கு அனுப்பிவிட்டு இலை போட்டு உட்கார்ந்திருப்பதை ஒக்கும்.

இந்த எண்ணத்தோடுதான், ஏரிக்கரையை ஒட்டிய 20 சென்ட் புறம்போக்கு நிலத்தில், ஊராட்சியின் இசைவு பெற்று ஒரு தோட்டம் தொடங்கினோம். இளைஞர்களும், மகளிர் குழுவினரும், பள்ளி மாணவர்களும் கூடினர். எச்செடிகளை நடுவது என்பதில் முதல் நாளே வழக்கு எழுந்தது. பலர் காகிதப் பூவையும் அடுக்குச் செம்பருத்தியையும் விரும்பினர். அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிடுவதால், வண்டுக்குக் கிடைப்பது சொற்பம். காகிதப் பூவோ தென்னமெரிக்காவினின்று வந்தது. அயல்நாட்டுச் செடி என்றாலே முகம் சுளிப்பவன் அல்லேன் நான். மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவை. பரங்கியின் வரலாற்றை அதன் பெயரே சொல்லிவிடுகிறது. ஆனால் ஒன்று. வண்ணத்துப்பூச்சி பல பூக்களில் தேன் அருந்தும். முட்டையிடுவதற்கோ அதற்கென உரிய செடியே வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு. எலுமிச்சை அழகிக்கு எலுமிச்சையும் கறிவேப்பிலையும். “எருக்கை எவராவது நட்டு வளர்ப்பார்களா, ஐயா?” என்று ஒரு மூதாட்டி சிரித்தார். கடைக்கோடியில் நடுவது என்று சமாதானம் ஆயிற்று. ஆவாரை, நொச்சி, ஆடாதொடை, துளசி ஆகியவற்றோடு ஓரங்களில் புங்கும் வேம்பும் வைத்தோம். தும்பையை எவரும் நடவில்லை. மழை பெய்ததும் அதுவே வந்து சேர்ந்தது.

இரண்டாம் ஆண்டு ஆவணியில்தான் உண்மையான சோதனை வந்தது. எலுமிச்சைக் கன்றுகளும் எருக்கும் இலையின்றி மொட்டையாய் நின்றன. எங்கு நோக்கினும் புழு. தொண்டர்களுள் ஒருவரான இளம் விவசாயி தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். “ஐயா, நீரூற்றி வளர்த்ததெல்லாம் போயிற்று, இன்று அடிக்காவிட்டால் நாளை நான் வரமாட்டேன்” என்றார். அவர் பக்கம் பாதிப் பேர் நின்றனர். அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது. அவர் சுமந்து ஊற்றிய குடங்களை நான் அறிவேன். ஒரு பத்து நாள் தவணை கேட்டேன். மாணவர்கள் மூன்று புழுக்களை இலையோடு கண்ணாடிப் புட்டியில் இட்டு, வாயில் துணி கட்டி, ஊர் நூலகத்தில் வைத்தனர். செய்தித்தாள் படிக்க வருவோரெல்லாம் அதைப் பார்த்துவிட்டே சென்றனர். புழு கூட்டுப்புழுவாயிற்று. நான் கேட்ட தவணையும் கடந்தது. அவரோ தெளிப்பானை எடுக்கவில்லை. ஒரு நாள் காலையில், சுருங்கிய சிறகை மெல்ல விரித்து உலர்த்திக்கொண்டிருந்தது ஓர் எலுமிச்சை அழகி. அதைத் தோட்டத்தில் விட்டவர் அவ்விளைஞரே. எலுமிச்சையும் மீண்டும் துளிர்த்தது.

தம் வயலில் அவர் மருந்தை அறவே விட்டுவிட்டார் என்று நான் கூறமாட்டேன். தண்டையும் காயையும் துளைக்கும் புழு கத்தரியைப் படுத்தும் பாட்டை அறிந்த எவரும் அவ்வாறு கேட்கவும் மாட்டார். துளைபட்ட நுனிகளை முதலில் கிள்ளி அழிக்கிறார். அதன் பின்னும் அடித்தே ஆகவேண்டுமானால், வண்டுகள் அடங்கிய மாலைப் பொழுதில் அடிக்கிறார்.

நடவு நாளில் படம் எடுத்துக்கொள்ளப் பெருங்கூட்டம் வந்தது. சித்திரை வெயிலில் குடம் சுமக்க எழுவர் வந்தனர், அவருள் ஐவர் பெண்கள். முறை வைத்துத் தண்ணீர் விட்டு முதல் இரண்டு கோடைகளைக் கடத்தியது அவர்களே.

உங்கள் ஊரில் இத்தகைய தோட்டம் அமைக்க விரும்பினால், மண்வெட்டிக்கு முன் குறிப்பேட்டை எடுங்கள். காலையில் ஒரு கத்தரிச் செடியின் அருகே கால் மணி நேரம் அசையாமல் அமர்ந்து, வந்தவை எவை, ரீங்கரித்தவை எவை என எழுதுங்கள். ஒரு மாதம் எழுதினால், உங்கள் ஊரில் எவை எஞ்சியிருக்கின்றன என்பது விளங்கும். அவை குடியிருக்கும் இடத்தையும் தேடுங்கள். கருவண்டு பட்ட மரத்தையும் மூங்கிலையும் துளைத்து வாழும். நீலவரித் தேனீ மண்ணிலும் மண்சுவரிலும் வளை தோண்டும். தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று சருகைக் கொளுத்தி, பட்ட கிளையை அகற்றி, தரைக்குச் சிமென்டு பூசிவிட்டால், விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டை இடித்ததாகும்.

எங்கள் மாணவர்கள் சென்ற திங்களில், தோட்டத்துக்கு அருகிலுள்ள பழைய மாட்டுக் கொட்டிலின் மண்சுவரில் விரல் நுழையும் அளவில் வரிசையாகத் துளைகள் இருக்கக் கண்டனர். உரியவர் அதைப் பூசுவதற்குச் சிமென்டு மூட்டையும் வாங்கி வைத்திருந்தார். பிள்ளைகள் சென்று கேட்டதற்கு, மற்ற மூன்று சுவர்களை இப்போது பூசிக்கொள்வதாகவும், அந்தச் சுவரைத் தை மாதம் வரையில் தொடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். தைக்குப் பின் என்ன செய்வது என்பதைப் பற்றி அவரோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.