துப்பாக்கிக் கடையில் பேரன்

(நமது குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் சார் நோட்டீஸ் போர்டில் "அமெரிக்காவில் ஆறு மாதம்" என்று எழுதிப் போட்டுவிட்டார். நயாகரா படம் காட்டுவேன் என்று நினைத்து யாராவது வந்திருந்தால் மன்னிக்கவும். நாங்கள் நயாகரா பக்கமே போகவில்லை. மகள் வீடு டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே இருக்கிறது. நான் பேசப்போவது அங்கே ஒரு சனிக்கிழமை நான் போன ஒரு கடையைப் பற்றி. நம் பிளாக்குகளில் பாதிப் பேருக்குப் பிள்ளையோ பெண்ணோ அந்த நாட்டில் இருக்கிறார்கள். பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நாம்தான் முறை வைத்துப் போய் வருகிறோம். அதனால் இது உங்களுக்கும் ஆகும் என்று நினைத்தேன்.

அவர்கள் தெருவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. மாப்பிள்ளைக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு துப்பாக்கி வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், சட்டப்படி தடை ஏதும் இல்லை. மகளுக்கு அன்று வேலை. காரில் மாப்பிள்ளை, நான், எட்டு வயதுப் பேரன்.

கடை வாசலில், "நானும் பையனும் வண்டியிலேயே இருக்கோம் மாப்பிள்ளை" என்றேன். ஜூலை மாதம். நம்ம ஊர் கத்திரி வெயில் தோற்றுவிடும். "இந்த வெயில்லயா மாமா? உள்ள வாங்க" என்றார். போனோம்.

நான் ஏதோ இருட்டான இடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். சினிமா பார்த்து வந்த புத்திதான். நம் ஊர்ப் பெரிய மளிகைக் கடை மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு பக்கம் மீன் பிடிக்கும் தூண்டில், கூடாரம், மழைக்கோட்டு. இன்னொரு பக்கம் நகைக்கடை போலக் கண்ணாடிப் பெட்டி. உள்ளே கைத்துப்பாக்கிகள் விலைச்சீட்டுடன். பின்னால் சுவரில் நீளத் துப்பாக்கிகள் வரிசையாக. தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். யாரும் அதை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. பதினெட்டு வயது ஆகாதவர்கள் பெற்றோருடன்தான் வரவேண்டும் என்று ஒரு போர்டு. பக்கத்தில் இன்னொன்று: குழந்தைகள் கைக்கு எட்டக்கூடிய இடத்தில் துப்பாக்கியைப் பாதுகாப்பில்லாமல் வைப்பது குற்றம் என்று. டெக்சஸ் சட்டப்படி விற்பவர்கள் அந்த அறிவிப்பைக் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும். அங்கே 17 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தச் சட்டத்துக்குக் குழந்தை.

விற்பனையாளர் நல்ல மனிதர். என் நரைத்த தலையைப் பார்த்து மரியாதையாக ஒரு வேட்டைத் துப்பாக்கியை எடுத்து நீட்டினார். மாப்பிள்ளை பாய்ந்து தடுத்தார். நான் விசிட்டர் விசாவில் வந்தவன். என்னைப் போன்றவர்கள் அங்கே துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர. எட்டு வயதுப் பேரன் அப்பா பக்கத்தில் நின்று அதைத் தொட்டுப் பார்க்கலாம், அறுபத்தாறு வயது தாத்தா தொடக்கூடாது! அதில் சிரிப்பு வந்தது எனக்கு. ஆனால் அடுத்த நிமிஷமே சிரிப்பு போய்விட்டது. பேரன் என் கையை இழுத்து, "தாத்தா, அது டாயா, நிஜமா?" என்று கேட்டான். சுவரில் ரோஸ் கலரில் ஒரு சின்ன ரைஃபிள். நிஜம்தான். சிறுவர் கைக்கு அளவெடுத்துச் செய்தது. "என் முதல் ரைஃபிள்" என்றே விளம்பரம் செய்து இப்படிப்பட்டவற்றை அந்த நாட்டில் விற்றிருக்கிறார்கள். 2013-ல் கென்டக்கி மாநிலத்தில் ஐந்து வயதுப் பையன் தனக்குப் பரிசாக வந்த அப்படி ஒரு துப்பாக்கியால் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான். குழந்தை இறந்துபோனது. உள்ளே தோட்டா இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது காரில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் பேச்சு தடித்துவிட்டது. இருபது வருஷத்தில் முதல் தடவை. "பையனை அங்க கூட்டிட்டுப் போனது தப்பு" என்றேன். அவர் பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது. "மாமா, அவன் கிளாஸ்ல பாதிப் பேர் வீட்ல துப்பாக்கி இருக்கு. நான் மறைச்சு வாங்கிட்டு வந்தா அவன் தேடுவான். அப்பா எப்படிப் பிடிக்கிறார், எப்படிப் பயப்படுறார்னு அவன் பார்க்கணும். கிச்சன்ல கத்தி இல்லையா?" என்றார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஏனென்றால் நானே ஒரு விதத்தில் அதற்குச் சாட்சி. 34 வருஷம் வங்கியில் குமாஸ்தா, கடைசியில் ஹெட் கேஷியர். கிளை வாசலில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவலர் உட்கார்ந்திருப்பார், முன்னாள் ராணுவத்தினர். சனிக்கிழமை அரைநாள் வேலையில் நாங்கள் எங்கள் குழந்தைகளைக் கிளைக்குக் கூட்டி வருவோம். எல்லாக் குழந்தைகளும் போய் நிற்கும் இடம் அவர் நாற்காலிதான். அவர் விரட்டமாட்டார். பார்க்க விடுவார், தொட விடமாட்டார். என் மகள் ஒருநாள் தொடப் போனபோது ஒரே ஒரு தடவை "ம்ஹும்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண்தான் இன்று டெக்சஸில் இருக்கிறாள். துப்பாக்கியைப் பக்கத்தில் பார்த்ததால் அவள் கெட்டுப்போகவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். அந்தத் துப்பாக்கி விற்பனைக்கு இல்லை. சாயங்காலம் அது எங்கள் யார் வீட்டுக்கும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் பழக்கப்படி கணக்கைத் தேடினேன். பி.காம். படித்தவனுக்கு எண்ணைப் பார்க்காமல் தூக்கம் வராது. அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு 2020-லிருந்து முதல் காரணம் துப்பாக்கி. அதுவரை வாகன விபத்துதான் முதலிடம். இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையிடம் போகக்கூடாது என்பதும் புரிந்தது. 18, 19 வயதுக்காரர்களும் அதில் சேர்த்தி. பெரும்பகுதி கொலையும் தற்கொலையும். குழந்தை விளையாட்டாக எடுத்துச் சுட்டுக்கொள்வது அதில் சின்னப் பங்கு. சின்னப் பங்கு என்று அந்தக் கென்டக்கி வீட்டில் போய்ச் சொல்ல முடியாது, அது வேறு விஷயம்.

என்னை நிஜமாக உலுக்கியது 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, டிராயரில் ஒரு நிஜக் கைத்துப்பாக்கியை வைத்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து கவனித்தார்கள். குண்டு வெடிக்காதபடி செய்தது. மொத்தம் 29 குழுக்கள். 21 குழுக்கள் அதைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் பையன்கள் கையில் எடுத்தார்கள். 10 குழுக்களில் யாராவது ஒருவன் விசையை அழுத்தினான். எடுத்த பையன்களில் பெரும்பாலோருக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றி ஏற்கெனவே யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையிடம் இதைக் காட்டினேன். நீங்கள் சொன்ன "பார்த்துக் கற்றுக்கொள்வான்" என்பதற்கு இதுதான் பதில் என்றேன். இரண்டு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு என்று ஓர் ஊர். 2021 நவம்பர் 26, தேங்க்ஸ்கிவிங் மறுநாள், கடைகளில் எல்லாம் தள்ளுபடி. ஒரு அப்பா பதினைந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போனார். மகன் விரும்பிய கைத்துப்பாக்கியை வாங்கினார். மறுநாள் அம்மா அவனைச் சுடும் பயிற்சி இடத்துக்கு அழைத்துப் போனார். 30-ஆம் தேதி அவன் அதைப் பள்ளிக்கு எடுத்துப் போய் நான்கு மாணவர்களைக் கொன்றான். 2024-ல் அப்பா, அம்மா இருவருக்கும் தனித்தனியாக விசாரணை நடந்து, 10 முதல் 15 வருஷம் சிறை. அந்தக் கடையில் கொடுத்த பூட்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே வீட்டில் கிடந்ததாம்.

பூட்டு என்றதும் என் காது நிமிர்ந்தது. அங்கே 2005-ல் வந்த சட்டப்படி, கைத்துப்பாக்கி விற்கும் கடைக்காரர் கூடவே ஒரு பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ கொடுத்தாக வேண்டும். கொடுப்பது சட்டம். போடுவது அவரவர் பாடு.

அதனால் என் கருத்து மாறியது. காரில் சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன், பாதி. சின்னக் குழந்தை அப்பா அம்மாவோடு கடைக்குள் வருவதைத் தடுப்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. யோசித்துப் பாருங்கள், அந்தத் துப்பாக்கியின் ஆயுளில் அது மிகவும் பத்திரமாக இருக்கும் இடம் அந்தக் கடைதான். கண்ணாடிக்குள் இருக்கிறது, தோட்டா இல்லை, பத்து கண்கள் பார்க்கின்றன. ஆனால் குழந்தையை வாடிக்கையாளராக நடத்தக்கூடாது. ரோஸ் கலரைச் சுவரில் மாட்டி அவனுக்கு ஆசை காட்டக்கூடாது. அவன் கையில் கொடுத்து "பிடிச்சிருக்கா?" என்று கேட்கக்கூடாது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளை விரல் காட்டியதை அப்பா வாங்குகிறார் என்றால், கடைக்காரர் பில் போடும் முன் ஒரு கேள்வி கேட்கவேண்டும். வாங்குபவர் தனக்காகத்தான் வாங்குகிறாரா என்ற கேள்வி அவர்கள் படிவத்திலேயே இருக்கிறது. ஒரு டிக் அடித்தால் அது முடிந்துவிடுகிறது. வங்கியில் எத்தனை படிவத்தில் எத்தனை டிக் பார்த்திருப்பேன்!

மாப்பிள்ளை கடைசியில் வாங்கினார். என்னால் தடுக்க முடியவில்லை, வீடு அவருடையது. ஆனால் முதலில் தரையில் போல்ட் போட்டு இறுக்கும் பெட்டகம் வாங்க வைத்தேன். தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு. அங்கே குழந்தை டாக்டர்கள் சங்கமும் அதைத்தான் சொல்கிறது. துப்பாக்கி இல்லாத வீடுதான் பத்திரம், இருந்தால் குண்டு எடுத்துப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் பூட்டு என்று. எங்கள் ஸ்ட்ராங் ரூமை இரண்டு பேர் இரண்டு சாவி போட்டுத்தான் திறக்க முடியும், ஒரு சாவி என்னிடம், ஒன்று மேனேஜரிடம். அதே மாதிரி பெட்டகத்தின் நம்பர் மாப்பிள்ளைக்கு, தோட்டாப் பெட்டி சாவி மகளுக்கு. "திருடன் வந்தா ரெண்டு பேரையும் எழுப்பணுமா மாமா?" என்று சிரித்தார். எழுப்புங்கள் என்றேன். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, எனக்குத் தெரியும்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். இதையெல்லாம் சொந்த வீட்டில் பார்த்துப் பார்த்துச் செய்த நான், வாரம் மூன்று நாள் பேரனை நாலாவது வீட்டு நண்பனோடு விளையாட விட்டு வந்தேன். மதியம் கொண்டுபோய் விடுவேன், ஐந்து மணிக்குக் கூப்பிடுவேன். அந்த வீட்டில் நாய் உண்டா என்று கேட்டேன். முட்டை கலந்த கேக் தருவார்களா என்று கேட்டேன். துப்பாக்கி உண்டா என்று கேட்கவில்லை. செப்டம்பரில் ஒரு நாள் அந்த வீட்டுக்காரர் காபி கொடுத்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார், சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு மேலே அலமாரியில் ஒன்று இருக்கிறது, எப்போதும் தயாராக என்று. பூட்டு பற்றி அவர் சொல்லவில்லை. பையன்கள் இருவரும் அந்தச் சமையலறையில்தான் ஸ்டூல் போட்டு ஏறி பிஸ்கட் எடுப்பார்கள். இரண்டரை மாதமாக.

அன்று காபி எனக்கு இறங்கவில்லை. துப்பாக்கி உள்ள வீடுகளில் வாழும் குழந்தைகள் அந்த நாட்டில் சுமார் 3 கோடி என்று 2021-ல் ஒரு கணக்கெடுப்பு. அதில் 46 லட்சம் பேர் வீட்டில் குண்டு நிரப்பி, பூட்டாமல். இத்தனை படித்தும் கேட்க வாய் வரவில்லை. ஏன்? மரியாதை. புதுசாகப் பழகிய மனிதர் வீட்டில் போய் "உங்கள் வீட்டில் துப்பாக்கி எங்கே இருக்கிறது" என்று எப்படிக் கேட்பது? நாம் அடுத்த வீட்டு மெயின்டனன்ஸ் பாக்கியைக்கூட நேரில் கேட்க மாட்டோம், நோட்டீஸ் போர்டில்தான் போடுவோம்.

மகளிடம் சொன்னேன். அவள் அன்று இரவே அந்த வீட்டு அம்மாவுக்கு மெசேஜ் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. பையன் விளையாட வரும்போது துப்பாக்கி பூட்டி இருக்குமா என்று ஒரே வரி. அவர்களுக்குக் கோபம் வரும், நட்பு போய்விடும் என்று நான் அரை மணி நேரம் ஹாலில் நடந்துகொண்டே இருந்தேன். பதில் வந்தது. கேட்டதற்கு நன்றி, நாளைக்கே பூட்டுப் பெட்டி வாங்கிவிடுகிறோம் என்று. கீழே இன்னொரு வரி: உங்கள் வீட்டிலும் இப்போது ஒன்று இருப்பதாகப் பையன் சொன்னான், அது எங்கே இருக்கிறது?

மாப்பிள்ளை எழுந்து போய்ப் பெட்டகத்தை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

ஏப்ரல், மே மாதங்களில் கிளம்பும் தம்பதிகள் இங்கே நான்கு பேர் இருக்கிறீர்கள் என்று செயலாளர் சொன்னார். அந்த மெசேஜின் வாசகம் என் போனில் இருக்கிறது. வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள். சுண்டல் ஆறுகிறது.