முகப்புக் கூடத்தில் இயற்கை: அலங்காரமா, அவசியமா?



வீட்டுக்குத் திண்ணை எப்படியோ, ஆய்வுக் கட்டடத்துக்கு அதன் முகப்புக் கூடம் அப்படி. தனித்தனி ஆய்வுக்கூடங்களில் அடைந்து கிடப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் இடம் அதுதான். ஆனால் பல பழைய கட்டடங்களில் அங்கே இருப்பது என்ன? பளிங்குத் தரை, குழல் விளக்கு, காவலர் மேசை, மின்தூக்கிக் கதவு. வருபவர்கள் நிற்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

இத்தகைய கூடங்களைப் புதுப்பிக்கும்போது ‘இயற்கை சார்ந்த வடிவமைப்பு’ என்ற சொல் இன்று தவறாமல் காதில் விழுகிறது. நல்ல சொல்தான். ஆனால் அது சுவரில் ஒட்டிய பிளாஸ்டிக் இலைகளோடு முடிந்துவிடக் கூடாது.

உயிர்கள் மீது மனிதனுக்கு இயல்பான ஈர்ப்பு உண்டு என்ற கருத்தை அமெரிக்க உயிரியலாளர் எட்வர்ட் வில்சன் 1984இல் ஒரு நூலில் விளக்கினார். அதே ஆண்டில் ரோஜர் உல்ரிச் என்பவரின் ஆய்வும் வெளிவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்த்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்த 23 பேரைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பேசப்பட்டது அறைக்குள் வைத்த பூந்தொட்டி அல்ல, சன்னல். ஆகவே கூடத்தைப் புதுப்பிப்போரின் முதல் வேலை செடி வாங்குவதல்ல, அடைபட்ட சுவரைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுவதே.

அதற்காக வெயிலுக்கு நேரே கண்ணாடி வைத்தால் கூடம் அடுப்பாகிவிடும். நிழலும் சேர்ந்தே வர வேண்டும். 2019இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி.இ. 4 கட்டடத்தில் அகன்று நீண்ட கூரை நிழல் தருகிறது. அளவாகக் குளிரூட்டிய காற்றோடு மின்விசிறியும் சேர்ந்து இயங்குகிறது. நிழலும் காற்றும்கூட இயற்கைதானே!

செடிகள் அறைக் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. 1989இல் வெளிவந்த நாசா ஆய்வு அதற்கு ஒரு காரணம். ஆனால் அது சிறிய, மூடிய பெட்டிகளில் நடந்த சோதனை. காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் குறைந்தது 10 செடிகளாவது தேவை என்று 2019இல் வெளிவந்த மறுஆய்வு காட்டியது. செடி மனத்துக்கு இதம். நுரையீரலுக்குக் காற்றோட்டமே துணை.

அழகுக்காக வைக்கும் நீர்த்தொட்டியிலும் எச்சரிக்கை தேவை. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவின் முட்டை, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும் கொசுவாகிவிடும். டிங்கியை ஆராயும் கட்டடத்திலேயே டிங்கிக் கொசு வளர்ந்தால் அதைவிட வெட்கம் வேறென்ன?

சரி, எந்த இயற்கையைக் கொண்டுவருவது? வெளிநாட்டுப் படங்களைப் பார்க்க வேண்டியதில்லை. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகத்துக்குச் சென்று தலை நிமிர்ந்து பார்த்தால் போதும். அங்குள்ள கபூர் மரங்களின் உச்சிக் கிளைகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே வானம் ஒளி ஓடையாகத் தெரியும். அந்த இடைவெளியைக் கூடத்தின் கூரைக்கு வடிவமாக்கினால், அழகும் கிடைக்கும், வெளிச்சமும் கிடைக்கும்.

அந்தக் காடே ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில், 1920களிலிருந்து மரம் நட்டு உருவாக்கியதுதான். 2025இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. நட்டதோடு விட்டிருந்தால் அது நடந்திருக்குமா? தலைமுறை தலைமுறையாகப் பேணினார்கள்.

முகப்புக் கூடத்துக்கும் இதே பாடந்தான். திறப்பு விழாவன்று எந்தச் செடியும் பச்சையாகத்தான் இருக்கும். ஐந்தாம் ஆண்டில் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது யார், அவருடைய சம்பளம் செலவுத் திட்டத்தில் இருக்கிறதா என்று வரைபடத்தில் கையெழுத்திடும் முன்பே பொறுப்பாளர்கள் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால், அந்தப் பணத்தில் ஒரு நல்ல சன்னல் வைப்பதே மேல்.