நஞ்சை நஞ்சென்றே அழைப்போம்



களைக்கொல்லியை நாம் இன்னும் ‘மருந்து’ என்றே வழங்கி வருகிறோம். மலாய்க்காரர்களோ ‘ராச்சுன் ரும்புட்’, அதாவது புல் நஞ்சு, என்று நேராகவே சொல்கின்றனர். நோய் தீர்ப்பதற்குரிய சொல்லை நஞ்சுக்குச் சூட்டியதால் நம்மிடையே அச்சம் குறைந்து போயிற்று.

நச்சுத்தன்மை பொருளிலேயே உறைந்திருப்பது. அபாயமோ அது நம் உடலை எட்டும் வழியைப் பொறுத்தது. பூட்டிய அறையிலுள்ள பாராகுவாட்டும், சர்பத்துப் புட்டியில் ஊற்றி அடுப்படியில் வைத்த பாராகுவாட்டும் ஒரே நஞ்சுதான். அபாயம் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! ஒரு வாய் உட்சென்றாலும் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டு உயிர் போகக்கூடும்; அதற்கு முறிமருந்தும் இல்லை. மலேசியாவில் 2020 சனவரி முதல் நாள் தொட்டு அது தடை செய்யப்பட்டுள்ளது. பழைய புட்டி எவர் வீட்டிலேனும் எஞ்சியிருப்பின் சாக்கடையில் கொட்டாமல் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைத்தல் வேண்டும்.

‘செறிவு’ என்பது மற்றொரு சொல். நீர் சேர்க்கும் முன்னரே நஞ்சு முழு வலிமையுடன் இருக்கிறது. ஆயினும் பம்பைத் தோளில் ஏற்றிய பின்னரே நமக்குக் கையுறை நினைவுக்கு வருகிறது! கலப்பவருக்கே அது முதலில் வேண்டும், கண்ணாடியும் வேண்டும். தெளித்த உடையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைத்தல் ஆகாது.